அன்லிமிடெட் அளவுச் சாப்பாடு

2018-ம் வருடம். ஜூலை மாதக் கடைசி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் காடு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

ஏதோ ஒரு மூலையில் புகைந்து அடங்கிய தீ இல்லை. அடுத்தடுத்து இரண்டு இடங்களில் பற்றிக்கொண்டு, மலை மலையாகத் தாவிய தீ. 'மெண்டோசினோ காம்ப்ளெக்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நாம் புயலுக்குப் பெயர் வைக்கிறோம் இல்லையா? அவர்கள் காட்டுத் தீக்கும் வைப்பார்கள். அணைத்து முடிப்பதற்குள் நாலரை லட்சம் ஏக்கருக்குமேல் கருகிப் போயிற்று. அதுவரை அந்த மாநிலம் கண்ட தீக்களிலேயே மிகப் பெரியது அதுதான்.

சான்டா கிளாரா என்கிற மாவட்டத்தின் தீயணைப்புத் துறை தன் ஆட்களையும் வண்டிகளையும் அங்கே அனுப்பிவைத்தது. அதில் ஒரு வண்டிக்கு 'ஓ.இ.எஸ். 5262' என்று எண். தண்ணீர் பீய்ச்சுகிற வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். இது தகவல் வண்டி. எந்தக் குழு எங்கே நிற்கிறது, எந்த எஞ்சின் எந்தப் பக்கம் போகவேண்டும், வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களை எங்கே திருப்பிவிடவேண்டும்... எல்லாக் கணக்கும் இந்த வண்டிக்குள் இருந்துதான் ஓடும். அதற்கு இன்டர்நெட் வேண்டும். ஒரு நாளைக்கு 5 முதல் 10 ஜி.பி. வரை!

தீ நன்றாக எரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, வண்டிக்குள் நெட் படுத்துவிட்டது.

டவர் எரிந்துவிட்டதா? இல்லை. ஒயர் அறுந்துவிட்டதா? அதுவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் ஸ்பீடைக் குறைத்துவிட்டார்கள். முன்பு இருந்த வேகத்தில் 200-ல் 1 பங்குகூட இல்லை என்று பிற்பாடு கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார் அந்தத் தீயணைப்புத் துறையின் தலைவர் ஆண்டனி போடென்.

காரணம்? இந்த மாசத்து டேட்டா லிமிட் தாண்டிவிட்டதாம்.

இத்தனைக்கும் அவர்கள் எடுத்திருந்தது அன்லிமிடெட் பிளான்!

அன்லிமிடெட்டுக்கு எப்படி ஐயா லிமிட் வரும்? நியாயமான கேள்வி. பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போயாகவேண்டும். தீ அங்கேயே எரியட்டும். திரும்பி வருவோம்.

* * *

அதற்கு முன்னால் சாப்பாட்டு விஷயம் ஒன்று பேசிவிடலாம்.

நம் ஊர் ஓட்டல்களில் இரண்டு வகை போர்டு பார்த்திருப்பீர்கள். ஒன்று, அளவுச் சாப்பாடு. இன்னொன்று, முழுச் சாப்பாடு. அளவுச் சாப்பாடு என்றால் ஒரு கிண்ணம் சாதம், கிண்ணிகளில் குழம்பு, ரசம், மோர். தீர்ந்தால் தீர்ந்ததுதான். முழுச் சாப்பாடு என்றால் இலை போட்டு உட்காரலாம். போதும் என்று நீங்கள் கையைக் காட்டுகிறவரை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஓட்டல் முதலாளி எந்தத் தைரியத்தில் அந்த போர்டை மாட்டுகிறார்? மனிதனின் வயிறு எவ்வளவு கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். நூறு பேர் வந்தால் ரெண்டு பேர்தான் வெளுத்துக்கட்டுவார்கள். பாக்கித் தொண்ணூற்றெட்டு பேர் ரெண்டாவது சாதத்திலேயே ஏப்பம் விட்டுவிடுவார்கள். கணக்கு சரியாக வந்துவிடும்.

இன்டர்நெட் கம்பெனிகளும் இதே கணக்கில்தான் கடை திறந்தன. ஒரே ஒரு வித்தியாசம். வயிற்றுக்கு அளவு உண்டு. இன்டர்நெட் பசிக்குக் கிடையாது. இன்றைக்கு மெயில் பார்ப்பவன் நாளைக்குப் பாட்டு கேட்பான், நாளன்றைக்குப் படம் பார்ப்பான்.

இதை முதலில் பட்டுத் தெரிந்துகொண்டது அமெரிக்கா ஆன்லைன். சுருக்கமாக ஏ.ஓ.எல். டெலிபோன் லைனில் மோடம் வைத்து, கீச்சுக் கீச்சென்று சத்தம் வர இன்டர்நெட் பார்த்த காலம். அதுவரை மணிக்கணக்கு பில். 1996 டிசம்பரில் ஏ.ஓ.எல். புதுக் கட்டணத்துக்கு மாறியது. மாசம் 19 டாலர் 95 சென்ட் கட்டுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள்!

ஜனம் விடுமா? உள்ளே நுழைந்தவர்கள் வெளியே வரவே இல்லை. வெளியே வந்தால் மறுபடி லைன் கிடைக்குமோ கிடைக்காதோ என்கிற பயம். வாடிக்கையாளர்கள் 70 லட்சத்துக்கும் மேல். மோடம்களோ அந்த அளவுக்கு இல்லை. நாடு முழுக்க ஒரே பிஸி டோன். பணம் கட்டியவர்கள் கடுப்பாகி வழக்கு போட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து கிடுக்கிப்பிடி போட, 1997 ஜனவரியில் ஏ.ஓ.எல். இறங்கி வந்தது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், விளம்பரத்தைக் குறைத்துக்கொள்கிறோம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஏ.ஓ.எல். எந்த எல்லையையும் ஒளித்துவைக்கவில்லை. பானையில் சோறு போதவில்லை, அவ்வளவுதான். பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அது கண்ணுக்குத் தெரிந்தது. எல்லையை ஒளித்துவைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டது அடுத்து வந்தவர்கள்.

* * *

அடுத்து வந்தது செல்போன் கம்பெனிகள்.

2000-களின் நடுவில் வெரைசான் கம்பெனி லேப்டாப்பில் சொருகுகிற கார்டு மூலம் இன்டர்நெட் விற்றது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை: அன்லிமிடெட். சின்ன எழுத்தில் வேறு என்னென்னவோ. மெயில் பார்க்கலாம், வெப்சைட் பார்க்கலாம், ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழையலாம். படம் இறக்கக்கூடாது, பாட்டு இறக்கக்கூடாது, கேம் ஆடக்கூடாது.

சரி, யாராவது அதையெல்லாம் செய்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் சாமர்த்தியம். மாசம் 5 ஜி.பி.க்குமேல் போனால், செய்யக்கூடாததைத்தான் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளப்படும். அப்படித்தான் ஷரத்து. சந்தேகத்தின் பேரில் கைது, விசாரணை இல்லாமல் தண்டனை! லைனையே வெட்டிவிட்டார்கள். 2004-லிருந்து 2007 ஏப்ரல் வரை இப்படி வெட்டப்பட்டவர்கள் சுமார் 13,000 பேர்.

நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக அப்போது இருந்தவர் ஆண்ட்ரூ கியூமோ. விசாரணை நடத்தினார். 2007 அக்டோபரில் விஷயம் முடிவுக்கு வந்தது. வெட்டப்பட்டவர்களுக்கு 10 லட்சம் டாலர் திருப்பித் தர வெரைசான் ஒப்புக்கொண்டது. அபராதம் தனி.

ஆனால், அதே 2007-ல்தான் இதைவிடப் பெரிய கதை ஒன்றுக்குப் பிள்ளையார் சுழி விழுந்தது.

ஜூன் 29. ஐபோன் கடைக்கு வந்த நாள். அமெரிக்காவில் அதை வாங்கினால் ஏ.டி. அண்ட் டி கம்பெனியின் இணைப்புதான் எடுக்கவேண்டும். வேறு வழி கிடையாது. மாசம் 20 டாலருக்கு அன்லிமிடெட் டேட்டா. அடுத்த வருஷம் வந்த ஐபோன் 3ஜி-க்கு அதுவே 30 டாலர்.

கம்பெனி போட்ட கணக்கு பழைய செல்போன் கணக்கு. சின்னத் திரை, நம்பர் பட்டன். அதில் யார் எவ்வளவு நேரம் நெட் பார்த்துவிடப்போகிறார்கள்? ஐபோன் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. விரலால் தள்ளித் தள்ளி ஜனங்கள் வீடியோ பார்த்தார்கள், மேப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் போன் பேசவே முடியாமல் கால் கட் ஆனது. 2007-க்கும் 2010-க்கும் இடையில் டேட்டா உபயோகம் 8,000 சதவிகிதம் ஏறியதாகக் கம்பெனியே பிறகு சொன்னது.

2010 ஜூன் 7-ம் தேதி கடையை மூடினார்கள். அதாவது அன்லிமிடெட் கடையை. புதிதாக வருகிறவர்களுக்கு 25 டாலருக்கு 2 ஜி.பி., 15 டாலருக்கு 200 எம்.பி. எங்கள் வாடிக்கையாளர்களில் 98 சதவிகிதம் பேர் 2 ஜி.பி.க்குள்தான் உபயோகிக்கிறார்கள், அதனால் யாருக்கும் கஷ்டமில்லை என்றார்கள்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. முழுச் சாப்பாடு கட்டுப்படி ஆகவில்லை. அளவுச் சாப்பாடு மட்டும்தான் என்று போர்டை மாற்றி எழுதிவிட்டார்கள். நேர்மையான வியாபாரம்.

பிரச்னை, ஏற்கெனவே இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள். பழைய அன்லிமிடெட் பிளானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர்! எழுந்திரு என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். 2011 பிப்ரவரி முதல் வெரைசானும் ஐபோன் விற்க ஆரம்பித்துவிட்டது. அங்கே அப்போது அன்லிமிடெட் வேறு இருந்தது.

எழுந்திரு என்றும் சொல்லக்கூடாது, சாப்பிடவும் விடக்கூடாது. என்ன செய்யலாம்?

* * *

'த்ராட்டில்' என்றால் ஆங்கிலத்தில் குரல்வளையை நெரிப்பது. உயிர் போகும் அளவுக்கு இல்லை. மூச்சு மட்டும் லேசாக இழுத்துக்கொண்டிருக்கும் அளவுக்கு.

2011 அக்டோபரிலிருந்து ஏ.டி. அண்ட் டி அதை ஆரம்பித்தது. அன்லிமிடெட் பிளானில் இருப்பவர்களில் அதிகமாக உபயோகிக்கும் முதல் 5 சதவிகிதம் பேருக்கு மட்டும், அந்த மாசத்துக் கணக்கு முடியும்வரை ஸ்பீடைக் குறைப்பது. லைன் இருக்கும். நெட் வரும். ஆனால் வீடியோ ஓடாது, மேப் திறக்காது, ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். வேகம் சில சமயம் 90 சதவிகிதம்வரை குறைந்தது.

முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். ரெண்டாவது தடவை சாதம் கேட்கிறீர்கள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பருக்கை வைக்கிறார். அஞ்சு நிமிஷம் கழித்து வந்து இன்னொரு பருக்கை வைக்கிறார். போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், அன்லிமிடெட்தானே என்கிறார். எப்படி இருக்கும் உங்களுக்கு?

முதல் 5 சதவிகிதம் என்கிறார்களே, அது எத்தனை ஜி.பி.? அதுதான் யாருக்கும் தெரியாது! ஊருக்கு ஊர் மாறும், மாசத்துக்கு மாசம் மாறும். 2 ஜி.பி. தாண்டியவர்களுக்குக்கூட நெரிப்பு விழுந்தது. இன்னும் வேடிக்கை கேளுங்கள். 2012 ஜனவரியில் அதே கம்பெனி ஒரு புது அளவுச் சாப்பாட்டை அறிமுகப்படுத்தியது. 30 டாலருக்கு 3 ஜி.பி. அன்லிமிடெட்காரர் கட்டுவதும் அதே 30 டாலர்தான். அளவுக்காரருக்கு 3 ஜி.பி. முழுக்க முழு வேகம். அளவில்லாதவருக்கு 2 ஜி.பி.யிலேயே கழுத்துப்பிடி!

கூச்சல் கிளம்பியதும் 2012 மார்ச்சில் ஒரு கோடு கிழித்தார்கள். 3ஜி போனுக்கு 3 ஜி.பி., 4ஜி எல்.டி.இ. போனுக்கு 5 ஜி.பி. அதைத் தாண்டினால் வேகம் குறையும். அன்லிமிடெட் என்கிற பெயர் மட்டும் பில்லில் அப்படியே இருந்தது.

நெட்வொர்க்கில் கூட்டம், அதனால்தான் என்றது கம்பெனி. கூட்டம் உண்மைதான். ஆனால் நெரிப்பு கூட்டத்தைப் பார்த்து வரவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, டவரில் நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள் என்றாலும் ஸ்பீட் குறைந்ததுதான். இதைப் பிறகு அரசாங்கமே குற்றச்சாட்டாக வைத்தது.

போங்கடா நீங்களும் உங்கள் நெட்டும் என்று வெளியேறிவிடலாமே? முடியாது. ரெண்டு வருஷ ஒப்பந்தம். நடுவில் முறித்தால் ஸ்மார்ட்போன்காரர்களுக்கு 325 டாலர்வரை தண்டம். கம்பெனி தன் வார்த்தையை மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் மாற்றிக்கொண்டால் காசு!

* * *

கோர்ட்டுக்குப் போகலாமே? லட்சக்கணக்கான பேர் சேர்ந்து ஒரே வழக்காகப் போட்டால் கம்பெனி நடுங்காதா?

நடுங்கும். அது கம்பெனிக்கும் தெரியும். அதனால், டேட்டாவுக்கு வைத்ததுபோல இன்னொரு லிமிட்டையும் அதே ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் வைத்திருந்தார்கள். என்ன தகராறு என்றாலும் தனித்தனியாகத்தான் வரவேண்டும். கூட்டாக வழக்கு போடக்கூடாது. வேண்டுமானால் மத்தியஸ்தரிடம் போ. அல்லது சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கிற கோர்ட்டுக்குப் போ.

இது செல்லுமா? செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது! அதுவும் செல்போன் வழக்கில்தான். கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி. போன் இலவசம் என்ற விளம்பரத்தை நம்பி 2002-ல் இணைப்பு எடுத்தார்கள். போன் இலவசம்தான். ஆனால் அதற்கான விற்பனை வரி 30 டாலர் 22 சென்ட் என்று பில் வந்தது. ஊரைக் கூட்டி வழக்காக்கப் பார்த்தார்கள். 'ஏ.டி. அண்ட் டி மொபிலிட்டி எதிர் கான்செப்சியன்' என்ற அந்த வழக்கில் 2011 ஏப்ரல் 27-ம் தேதி தீர்ப்பு. அஞ்சுக்கு நாலு என்ற கணக்கில் கம்பெனி ஜெயித்தது. கூட்டு வழக்கைத் தடுக்கும் ஷரத்து செல்லும் என்று தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா.

30 டாலருக்காக ஒருத்தர் தனியாக வக்கீல் வைத்து வழக்கு நடத்துவாரா? மாட்டார். அந்த ஷரத்தின் பலமே அதுதான். கோடிப் பேரிடம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தால் கேட்பதற்கு ஆள் வராது.

ஆனால் ஒருத்தர் வந்தார்.

கலிஃபோர்னியாவில் சிமி வேலி என்று ஓர் ஊர். அங்கே வேலையில்லாமல் இருந்த ஒரு லாரி டிரைவர். ஐபோன் வைத்திருந்தார். மாசம் 5 ஜி.பி. அளவுக்கு உபயோகிப்பவர். நெரித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். சின்ன கோர்ட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறதே! போனார். வக்கீல் கிடையாது, தானே வாதாடினார். 2012 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைப்பது நியாயமில்லை. ஒப்பந்தத்தில் இன்னும் பாக்கி இருக்கும் 10 மாசத்துக்கு மாசம் 85 டாலர் வீதம் 850 டாலர் கொடுக்கவேண்டும்.

அவர் ஒன்றும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை. போனிலிருந்து மற்றக் கருவிகளுக்கும் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தப்படி அது கூடாது. கம்பெனி அதைச் சுட்டிக்காட்டி, உன் இணைப்பையே துண்டிக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று கடிதம் எழுதியது. கூடவே, சமாதானமாகப் போய்விடலாம், ஆனால் வெளியே பேசக்கூடாது என்றது. அந்த ஆள் மசியவில்லை. கடிதத்தை அப்படியே பத்திரிகைக்காரர்களிடம் காட்டிவிட்டார்! கடைசியில் கோர்ட் செலவோடு சேர்த்து 935 டாலரைக் கம்பெனி கொடுத்தது.

அதே வழியில் எல்லோரும் போயிருந்தால்? போகவில்லை. லீவு போட்டு, ஃபாரம் எழுதி, கோர்ட் வாசலில் நின்று... எத்தனை பேருக்கு முடியும்?

* * *

ஜனங்களால் கூட்டாகப் போக முடியவில்லை. அரசாங்கத்தால் போக முடியுமே! அரசாங்கம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து போடவில்லை அல்லவா?

2014 அக்டோபர் 28. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது வியாபாரப் பித்தலாட்டங்களைத் தட்டிக்கேட்கும் அமைப்பு, ஏ.டி. அண்ட் டி மீது வழக்கு போட்டது. குறைந்தது 35 லட்சம் வாடிக்கையாளர்கள், இரண்டரைக் கோடி தடவைக்குமேல் நெரிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கணக்கு சொன்னது.

அதைவிடச் சுவாரசியமான சங்கதி ஒன்றும் அந்த மனுவில் இருந்தது. இதைத் தொடங்குவதற்கு முன்னால் கம்பெனி சில வாடிக்கையாளர்களைக் கூட்டி வைத்துக் கருத்து கேட்டிருக்கிறது. இது அநியாயம் என்று அவர்கள் நினைத்தார்கள். பேசப் பேசக் கோபம் ஏறிக்கொண்டே போனது. ஆய்வு செய்தவர்கள் கம்பெனிக்கு என்ன யோசனை சொன்னார்கள்? நெரிப்பை நிறுத்துங்கள் என்றா? கிடையாது. ஜனங்களிடம் இதைப் பற்றி அதிகம் பேசாதீர்கள் என்று!

கோர்ட்டில் கம்பெனி என்ன வாதம் வைத்தது தெரியுமா? நாங்கள் ஏமாற்றவில்லை என்பது அப்புறம். நாங்கள் டெலிபோன் கம்பெனி, ரயில்வே மாதிரிப் பொதுச் சேவை. எங்கள்மீது வழக்கு போட டிரேட் கமிஷனுக்கு அதிகாரமே கிடையாது என்றது. வாதம் எடுபட்டது! 2016 ஆகஸ்ட்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆமாம் என்று சொல்லிவிட்டது. விடாமல் மேல்முறையீடு செய்ய, 2018 பிப்ரவரியில் பெரிய அமர்வு அதைப் புரட்டியது. போன் பேச்சு பொதுச் சேவையாக இருக்கலாம், நீங்கள் விற்ற டேட்டாவை வைத்து உங்கள்மீது வழக்கு போடலாம் என்றது.

2019 நவம்பரில் சமாதானம் ஆயிற்று. 6 கோடி டாலர். வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவேண்டும்.

பெரிய தொகைதான். 35 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 17 டாலர் சொச்சம். நெரிப்பு ஆரம்பித்து எட்டு வருஷம் கழித்து, ஒரு மாச டேட்டா கட்டணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே!

ஏ.டி. அண்ட் டி மட்டும் இல்லை. ட்ராக்ஃபோன் என்கிற ப்ரீபெய்ட் கம்பெனி இதே குற்றத்துக்கு 2015 ஜனவரியில் 4 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. 2016 அக்டோபரில் டி-மொபைல், அபராதமும் மற்றவையுமாகச் சேர்த்து 4 கோடியே 80 லட்சம் டாலர்.

இத்தனை வழக்கிலும் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று. எல்லை வைத்தது குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லையை ஒளித்துவைத்ததுதான் குற்றம் என்றார்கள். ஏ.டி. அண்ட் டி-க்குப் போட்ட நிபந்தனையும் அதுதான். ஸ்பீடைக் குறைப்பதாக இருந்தால் அதைத் தெளிவாக, கண்ணில் படும்படி சொல். சின்ன எழுத்தில் ஒளிக்காதே.

* * *

சரி. தீயை எரியவிட்டு வந்தோமே, திரும்பிப் போவோம்.

மெண்டோசினோ தீ நேரத்தில் அந்தத் தகவல் வண்டிக்கு இணைப்பு கொடுத்திருந்தது வெரைசான். 2007-ல் நியூயார்க்கில் பணம் திருப்பிக் கொடுத்ததே, அதே கம்பெனி. இந்தத் தடவை லைனை வெட்டவில்லை. எல்லையையும் ஒளிக்கவில்லை. ஒப்பந்தத்திலேயே இருந்தது. 25 ஜி.பி.வரை முழு வேகம். அதற்குமேலும் அளவில்லாமல் டேட்டா உண்டு, ஆனால் வேகம் குறையும். அதாவது, சட்டப்படி சரியான அன்லிமிடெட்!

நாளைக்கு 5, 10 ஜி.பி. தின்கிற வண்டிக்கு 25 ஜி.பி. எத்தனை நாளைக்கு வரும்? நீங்களே கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். இது முதல் தடவையும் இல்லை. தீ பற்றுவதற்கு முன்பே ஜூன் மாசத்தில் தீயணைப்புத் துறைக்கும் கம்பெனிக்கும் இதைப் பற்றி மெயில் போக்குவரத்து நடந்திருக்கிறது.

தீக்கு நடுவில் நின்றுகொண்டு கம்பெனியைத் தொடர்பு கொண்டார்கள். ஆமாம், குறைத்திருக்கிறோம் என்றது கம்பெனி. கூட்டித் தரவேண்டுமென்றால் வேறு பிளானுக்கு மாறுங்கள். 37 டாலர் 99 சென்ட் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் பேச்சு 99 டாலர் 99 சென்ட் பிளானில் வந்து நின்றது. பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வீரர்கள் தங்கள் சொந்த செல்போன்களையும் மற்றத் துறைகளின் இணைப்பையும் வைத்துச் சமாளித்தார்கள் என்று போடென் எழுதியிருக்கிறார்.

அந்த ஆகஸ்ட்டில் விஷயம் வெளியே வந்ததும் வெரைசான் தப்பை ஒப்புக்கொண்டது. அவசர காலத்தில் கேட்டால் கட்டுப்பாட்டை நீக்குவதுதான் எங்கள் வழக்கம், எங்கள் ஊழியர் தரப்பில் தவறு நடந்துவிட்டது, பிளானைப் பற்றிச் சரியாக விளக்காததும் எங்கள் தப்பு என்றது.

கவனித்தீர்களா? தீயணைப்புத் துறை என்றால் அது ஓர் அரசாங்க அலுவலகம். ஒப்பந்தத்தைப் படிக்க ஆள் இருக்கிறது, கேள்வி கேட்க அதிகாரி இருக்கிறார். அவர்களுக்கே அந்த வார்த்தை புரியவில்லை. புரிந்தபோது காடு எரிந்துகொண்டிருந்தது.

* * *

இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்தது. வருஷக் கடைசிவரை எல்லாம் இலவசம். அன்லிமிடெட் டேட்டா என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அதிலும் ஒரு கோடு இருந்தது. நாளைக்கு 4 ஜி.பி. தாண்டினால் ஸ்பீட் 128 கே.பி.பி.எஸ். 2017 ஜனவரியில் அந்தக் கோடு 1 ஜி.பி.க்கு இறங்கியது. இதற்கு நம் ஊரில் 'எஃப்.யூ.பி.' என்று பெயர். விரித்தால், நியாயமான உபயோகக் கொள்கை! எது நியாயம் என்று முடிவு செய்வது யார் என்பதைக் கேட்கக்கூடாது. 2016 அக்டோபரில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. எத்தனை ஜி.பி.வரை முழு வேகம், அதற்குப் பிறகு எவ்வளவு வேகம் என்பதை விளம்பரத்திலும் வெப்சைட்டிலும் சொல்லியாகவேண்டும் என்று.

சொல்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டிவிட்டு முடித்துக்கொள்கிறேன். தினசரி டேட்டா தீர்ந்தபிறகு 64 கே.பி.பி.எஸ். வேகத்தில் அன்லிமிடெட் என்று ஒரு பேக் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் 2 எம்.பி. போட்டோ ஒன்று இறங்க நாலு நிமிஷத்துக்குமேல் ஆகும். ராத்திரி பகல் தூங்காமல், ஒரு விநாடி நிறுத்தாமல் 24 மணி நேரமும் இறக்கிக்கொண்டே இருந்தாலும் மொத்தம் தேறுவது 700 எம்.பி.கூட இல்லை. ஒரு ஜி.பி.யைத் தொட முடியாது!

வேகத்துக்குக் கோடு போட்டால் அளவுக்கும் தானாகக் கோடு விழுந்துவிடும். பருக்கை பருக்கையாகப் பரிமாறினால் நாள் முழுக்க இலையில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு கை சோற்றுக்குமேல் உள்ளே போகாது. வேகம் குறையும், அளவு குறையாது என்பது வெறும் வாய்ஜாலம்.

அடுத்த தடவை ரீசார்ஜ் செய்யும்போது பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். சின்ன எழுத்தில் இரண்டே இரண்டு விஷயம் தேடுங்கள். எத்தனை ஜி.பி.வரை முழு வேகம்? அதற்கப்புறம் எத்தனை கே.பி.பி.எஸ்.? இந்த இரண்டு எண்கள்தான் நீங்கள் வாங்குகிற சாமான். பாக்கியெல்லாம் வாசலில் மாட்டியிருக்கும் போர்டு.

சாப்பிட உட்காருவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். இலை போட்ட பிறகு கேட்டால் பதில் வருவதற்குள் பந்தி முடிந்துவிடும்.